பின்னால் நிற்கும் ஆள்

வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு வைத்த பெயர் வெந்நீர். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி எந்நேரமும் பறப்பதால் வந்த பெயர். லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடத்தில் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்கள் என்று போன் வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டும். பன்னிரண்டு வருடம் அப்படி ஓடி ஓடி, சும்மா இருந்தாலே ஏதோ தப்புச் செய்வதுபோல அவனுக்கு ஆகிவிட்டது. பல் தேய்ப்பதும் நடந்துகொண்டேதான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு நான்கு பேர் சேர்ந்து கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவார்கள். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் இவன், இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடைக்காரர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரவர் அறையிலிருந்தே பேசிக்கொள்வார்கள். அணிக்குத் தலைவர் அண்ணி. பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்; கண்ணாடியைப் பார்க்காமல் ஓரடி நகர மாட்டார்.

"ரெண்டு பேர் ஓடும்போது ரெண்டு பேர் நின்னு பாக்கணும்" என்பார். "ஓடினவங்க ஒரு மறைவுல போய் நின்னப்புறம்தான் மத்தவங்க கிளம்பணும். எல்லாரும் ஒண்ணா ஓடினா அதுக்குப் பேரு சண்டையில்ல, கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற கூட்டம்."

வெந்நீர் "சரி அண்ணி" என்பான். சொன்ன வாய் மூடுவதற்குள் முதல் கதவைத் தாண்டியிருப்பான். சில நாள் மூன்று பேரைச் சுட்டுவிடுவான். பல நாள் முதலில் விழுவதும் அவன்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் கடை மாடியில் போட்டி வைத்தார்கள். எட்டு அணிகள். அரையிறுதியில் இரண்டு பக்கமும் சமமாக வந்து, கடைசிச் சுற்று மட்டும் மிச்சம் இருந்தது. திரையில் ஒரு துறைமுகக் கிடங்கு. பின்பக்கம் இரும்புப் படிக்கட்டு.

"தம்பி, நீ படிக்கட்டு. நாங்க மூணு பேரும் உள்ள போறோம். கூப்பிடற வரைக்கும் அசையாத."

"யாரும் வரலைன்னா?"

"வரலைன்னா நல்லதுதான?"

நின்றான். படிக்கட்டு வெறிச்சோடிக் கிடந்தது. உள்ளே துப்பாக்கிச் சத்தம். மேசைக்கு அடியில் அவன் கால் ஆடியது. "எனக்கு அடிபட்டுடுச்சு!" என்று அண்ணன் கத்தியதும் அவ்வளவுதான். "வரேன், வரேன்!" என்று கூவிக்கொண்டே கிடங்குக்குள் ஓடினான். காலியான படிக்கட்டு வழியாக எதிரணியில் இரண்டு பேர் ஏறி வந்து அண்ணியை, மருந்துக்கடைக்காரரை, அண்ணனை ஒவ்வொருவராகச் சாய்த்தார்கள். கடைசியில் இவனையும்.

மறுநாள் ஏழு மணிக்குத் திரையைப் போட்டால், நாலாவது இடத்தில் மருந்துக்கடைக்காரரின் மனைவி. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிக்கிற ரகம். ஆனால் நில் என்றால் நிற்பார்.

இரண்டு வாரம் முன்பின் தெரியாதவர்களோடு விளையாடிப் பார்த்தான். அங்கே யாரும் யாருக்காகவும் நிற்கவில்லை. இவன் விழுந்ததைக் கவனிக்கக்கூட ஆளில்லை. தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரரிடம் பொருமினான்.

"அண்ணனுக்கு அடிபட்டதாலதான வந்தேன்? அது ஒரு குத்தமா?"

"வந்தீங்க, சரி. அண்ணி எப்படி அவுட் ஆனாங்கன்னு பாத்தீங்களா?" என்று கேட்டவர், அந்த ஆட்டத்தின் பதிவை அவன் போனுக்கு அனுப்பினார்.

அண்ணியின் கண் வழியாக எடுத்த பதிவு. நாலடி போவார், அரை நொடி திரும்பிப் படிக்கட்டில் இவன் நிற்கிறானா என்று பார்ப்பார், மறுபடி நாலடி. கடைசித் தடவை திரும்பியபோது இவன் இல்லை. முன்பக்கம் திரும்பாமல் அப்படியே நின்றுவிட்டார். "தம்பி எங்க?" என்று கேட்கிறது அவர் குரல். தன் கூச்சலில் இவனுக்கு அன்று அது காதில் விழவேயில்லை. அந்தக் கேள்வி முடியும்போது படிக்கட்டிலிருந்து குண்டு பாய்ந்தது.

மூன்று தடவை பார்த்துவிட்டுக் கீழே இறங்கினான். அண்ணி சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"பதிவு பாத்தேன் அண்ணி. ஏன் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தீங்க?"

"நீ நிப்பேன்னு நம்பியிருந்தா எதுக்குப் பாக்கறேன்?" கை நிற்காமல் காலரைத் தேய்த்தது.

அவனுக்குச் சுருக்கென்றது. "இன்னொரு தடவை நிக்கறேன்."

"நின்னுடுவியா?"

"தெரியல."

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இதுவரைக்கும் 'சரி அண்ணி'ன்னுதான் சொல்லியிருக்க. வியாழக்கிழமை வா. மருந்துக்கடை அம்மா அன்னிக்கு ஊர்ல இல்ல."

வியாழக்கிழமையும் அதே கிடங்கு, அதே படிக்கட்டு. இரண்டு பாதங்களையும் பின்னிக்கொண்டு நாற்காலிக் காலோடு அழுத்தினான். அப்படியும் தாங்கவில்லை. வாய்க்காவது வேலை கொடுப்போம் என்று பத்து நொடிக்கு ஒரு தடவை "படி காலி" என்றான்.

"என்னடா இது, ஏலம் விடற மாதிரி?" என்றார் அண்ணன்.

"விடுங்க, சொல்லட்டும்" என்றார் அண்ணி. "எனக்குத் திரும்பற வேலை மிச்சம்."

முதல் சுற்றில் படிக்கட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயித்தான். சட்டை நனைந்திருந்தது, சந்தோஷம் மட்டும் வரவில்லை.

இரண்டாவது சுற்றில் வந்தார்கள். ஒருவனைச் சுட்டான், இன்னொருவன் அவனைச் சுட்டான். "நான் அவுட், இன்னும் ஒருத்தன், இடப்பக்கம்!" என்று கத்தினான். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. உள்ளே மூன்று பேரும் திரும்பி நிற்பதும், யார் எங்கே நகர வேண்டும் என்று அண்ணி மெதுவாகச் சொல்வதும் கேட்டது. உட்கார முடியாமல் எழுந்தான். ஹெட்போன் ஒயர் விட்ட தூரத்துக்கு முன்னும் பின்னும் நடந்தான்.

"முடிஞ்சுது" என்றது அண்ணியின் குரல். "மூணு பேரும் உயிரோட இருக்கோம். அடுத்த சுற்றுக்கும் படிக்கட்டு உனக்குத்தான் தம்பி."

"முன்னாடி ஒரே ஒரு தடவை போகட்டுமா?"

"ம்ஹூம்."

பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.