பிலோமின் அக்கா சொன்ன ரியான்

செய்தி வந்தபோது நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் வண்டிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். மீன் ஏலம் முடிந்து வண்டிகள் வரிசையில் நின்ற நேரம். பிலோமின் அக்காவின் தம்பி ழோசேப் போனில், "அக்கா போய்ட்டாங்க, ஏழுமலை," என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். ஏன் பயம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள், முக்கியமாக நம் விளையாட்டுக் குழுவில் இருப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நெல்லித்தோப்பில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பல வருடம் வேலை பார்த்தவர் அக்கா. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் பாதித் தமிழும் பாதிப் பிரெஞ்சுமாகப் பேசிக்கொள்வார்கள். ஐம்பதை நெருங்கும் ஒரு அம்மாள், பகலெல்லாம் ஊசியும் குழாயுமாக இருந்துவிட்டு, மாலையில் செல்போனில் எலும்பு டிராகனை வெட்டுவார் என்றால் யார் நம்புவார்கள்? விளையாட்டில் அவர் பெயர் 'பில்லு'. ஏதோ காலேஜ் பையன் என்று நினைத்து நான் ஆறு மாதம் "டேய் பில்லு" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்த அன்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "டேய்னே கூப்புடு. ஆனா வெட்டறத ஒழுங்கா வெட்டு," என்றார்.

அந்த டிராகனை வெட்டினால் எப்போதாவது ஒரு நீலச் சிறகு விழும். பெரும்பாலும் ஒன்றும் விழாது. அதற்காக ஆளாளுக்கு ஒரு நம்பிக்கை வைத்திருந்தோம். குருசுக்குப்பத்துக் கலியன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முதல் வெட்டு வெட்டுவான். நான் வடக்கு வாசல் வழியாகத்தான் குகைக்குள் நுழைவேன். எல்லோருக்கும் பொதுவான நம்பிக்கை அதிர்ஷ்டக் கயிறு. விளையாட்டுக்குள்ளேயே கிடைப்பது, கையில் கட்டிக்கொண்டால் அரிய பொருட்கள் அதிகம் விழும் என்று அதில் போட்டிருக்கும். "எவ்ளோன்னு சொல்லாம அதிகம்னா என்னா அர்த்தம்?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

கயிறு கட்டி ஐந்நூறு முறை, கட்டாமல் ஐந்நூறு முறை வெட்டிப் பார்ப்பது என்று முடிவானது. ஐந்து பேர், ஆளுக்கு இரண்டிலும் நூறு நூறு. கட்டம் போட்ட நோட்டில், சிறகு விழுந்தால் ஒரு சிறகு வரைய வேண்டும், விழாவிட்டால் 'ரி' என்று எழுத வேண்டும். ரியான் என்றால் பிரெஞ்சில் ஒன்றுமில்லை என்று அர்த்தம். சிறகு கிடைத்ததும் நிறுத்தக் கூடாது, நூறையும் முடிக்க வேண்டும். ஒன்றுமில்லாததை எதற்கு எழுதுவது என்று கலியன் சலித்துக்கொண்டான். "லேபுல இல்லன்னு வர்றதும் ரிசல்ட்டுதான்டா. ரியானை எழுதாதவன் சிறகையும் எழுதக் கூடாது," என்றார் அக்கா.

கயிறு கட்டிய நூறை நான் ஒழுங்காகத்தான் முடித்தேன். கயிறில்லாத நூறில் நாற்பதோடு பொறுமை போய்விட்டது. எப்படியும் விழப்போவதில்லை என்று மீதி அறுபது கட்டங்களிலும் உட்கார்ந்த இடத்தில் ரி, ரி என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். அக்கா வீட்டில் எல்லோரும் கூடி எண்ணிப் பார்த்தோம். கயிற்றோடு மூன்று சிறகு, கயிறில்லாமல் இரண்டு. கயிறு வேலை செய்கிறது என்று ஒரே கும்மாளம். அக்கா மட்டும், இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இன்னொரு சிறகு விழுந்திருந்தால் சமமாகியிருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அந்த மாதமே அவருடைய ரத்தத்தை அவரே பார்க்க வேண்டி வந்தது. பெரிய வியாதி என்று வந்த ரிசல்ட்டைத் தன் கையாலேயே டைப் செய்தாராம். உறவுக்காரர்கள் மந்திரித்த கயிறும் மாதா கோயில் எண்ணெயும் கொண்டுவந்தார்கள், எதையும் மறுக்கவில்லை. பிறகு புதிதாக ஒரு மருந்து போடலாம், நிறைய பேருக்குக் கேட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். "கேக்காதவங்களையும் எழுதி வச்சிருக்கீங்களா டாக்டர்?" என்று அக்கா கேட்டதாக ழோசேப் சொன்னார். மருந்தைப் போட்டார்கள். கேட்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாதி ஆளாக இருந்தார். நான் உட்காருவதற்குள் அவரே ஆரம்பித்தார். "அறுபது ரியும் ஒரே மூச்சுல எழுதினது, ஏழுமலை. எழுத்தப் பாத்தாலே தெரியுது." அந்த அறுபதையும் படுக்கையில் இருந்தபடி தானே மறுபடி வெட்டிக்கொண்டிருந்ததாகவும், நேற்றோடு கை முடியாமல் போய்விட்டதாகவும் சொன்னார். ஊசி குத்தி வீங்கிய கை அது. "மன்னிச்சிடுங்கக்கா," என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள், "சிறகு ஏதாச்சும் விழுந்துச்சா?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ரியான்," என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடியே குழுவில் எழுதினேன். அக்கா மறுபடி வெட்டிப் பார்த்தும் ஒன்றும் விழவில்லை, ஆகவே கயிறு உண்மை, இது அக்காவின் முடிவு என்று. என் அறுபதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் எல்லோரும் கைதட்டல் படம் போட்டீர்கள். அக்கா படித்ததற்கான நீல டிக்கும் விழுந்தது. பதில் வரவில்லை. அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள்தான் ழோசேப்பின் போன் வந்தது. அவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் சொல்லிவிட்டோமோ என்ற பயம்தான் அன்று ஐஸ் வண்டிக்குப் பக்கத்தில் எனக்கு வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ழோசேப் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். என்னுடைய அறுபதும் ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. கீழே, நடுங்கிய எழுத்தில் அக்காவின் கட்டங்கள். முப்பத்தெட்டாவது கட்டத்தில் ஒரு சிறகு வரைந்திருந்தார். ஐம்பத்தொன்றோடு எழுத்து நின்றிருந்தது. பக்கத்தில் நான் போனதற்கு முந்தின நாளின் தேதி. பொய் சொல்லத் தெரியாத மனுஷி, சிறகை வரைந்து வைத்துவிட்டு என்னிடம் ஏன் ரியான் என்றார்? ழோசேப்பிடம் கேட்டேன். நடந்ததை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். "நீ மொதல்ல மன்னிப்புதான கேட்ட? அதுக்குச் சொன்ன பதிலு அது. எங்க வீட்டுல யாராச்சும் மன்னிச்சிடுன்னா, பரவால்லங்கறதுக்கு ரியான்னுதான் சொல்லுவோம்," என்றார்.

ஆகவே குழுவில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கயிற்றோடு மூன்று, கயிறில்லாமலும் மூன்று. கயிறு உண்மை என்று அக்கா சொல்லவே இல்லை. அது என் புளுகு. அதற்காகக் கயிறு பொய் என்றும் கிளம்பிவிடாதீர்கள், இருந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பார். மீதி ஒன்பதை ஞாயிற்றுக்கிழமை நான் வெட்டினேன். கயிறு கட்டவில்லை. கண்ணில் பட்ட வாசல் வழியாக உள்ளே போனேன். ஒவ்வொன்றையும் வெட்டி முடித்த பிறகே எழுதினேன். ஒன்பதும் ரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்ன ரியான் எந்தக் கட்டத்திலும் சேராது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.