ஆமை முட்டைக்கு இட்ட உரம்

எந்தத் தொட்டியில் வெறும் மண்ணைப் பார்த்தாலும் என் வீட்டுக்காரர் எபனேசருக்குக் கை சும்மா இருக்காது. மக்கிய சாணமும் இலைக்குப்பையும் ஒரு பிடி போட்டுவிட்டுத்தான் நகருவார். கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறேன். பாளையங்கோட்டையில் பல வீட்டுத் தோட்டங்கள் அவர் கையில் வளர்ந்தவை. வாடிய செடிகளை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

போன வருடம் ஆற்றங்கரையைச் சீர்செய்ய மண் வெட்டியபோது ஆமை முட்டைகள் வெளியே வந்தன. வனக்காவலர் ஆவுடைநாயகம் அவற்றை ஆற்று மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"கரை வேலை முடியுத வரைக்கும் உங்க மாமரத்து நிழல்ல இருக்கட்டும் அண்ணாச்சி. ஆத்து மணல் மட்டும் போதும். பொரிக்க மாசக்கணக்குல ஆகும்."

அவர் போனதும் இவர் மணலை அள்ளிப் பார்த்தார். "வெறும் மணல்ல என்ன சத்து இருக்கு?" என்று உரத்தைக் கலந்தார். தினமும் தண்ணீரும் தெளித்தார்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மணலை விலக்கினார். ஒரு முட்டை கறுத்து அமுங்கியிருந்தது. அதிலிருந்து பஞ்சு நூல்போல வெள்ளைப் பூசணம் கிளம்பி, பக்கத்து முட்டைகளையும் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்தார். மணலைத் தள்ளி மூடிவிட்டார்.

மறுநாள் ஆராதனை முடிவில் போதகர், "ஆண்டவருடைய சிருஷ்டியைக் காப்பாத்துதவர் நம்ம சபையிலேயே இருக்காரு. எபனேசர் அண்ணன், எழும்பி நில்லுங்க" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். இவர் எழுந்து நின்றார். தலை நிமிரவில்லை. அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். ஆவுடைநாயகம் வீடுவரை நானும் கூடவே நடந்தேன்.

"மணல் மட்டும்னுதானே சொன்னேன்?"

"சத்து வேணும்லா... அதான் கொஞ்சம் உரம்..."

"அதுக்கு வேண்டியது முட்டைக்குள்ளயே இருக்கு அண்ணாச்சி. குப்பையும் ஈரமும் சேந்தா பூசணம் பிடிக்காம என்ன செய்யும்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை. பூசணம் படாதவற்றைப் பொறுக்கிப் புது மணலில் வைத்துவிட்டு எங்களை அனுப்பினார்.

விஷயம் டீக்கடைக்கும் போனது. "கத்தரிக்கு உரம் அள்ளுத மாதிரி ஆமைக்கும் அள்ளிட்டீராமே வே! காய் எப்ப பறிக்கலாம்?" என்றாராம் கடைக்காரர் பீர் முகம்மது. இவரும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து மாமரத்தடியில் வெகுநேரம் நின்றார்.

பிழைத்தவற்றில் சில பொரித்தன. ஆற்றில் விட ஆவுடைநாயகம் கூப்பிட்டார். இவர் போகவில்லை.

இப்போது தோட்ட வேலைக்குப் போய்வருகிறார். ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறார். போதகரிடம் நடந்ததைத் தன் வாயால் இன்னும் சொல்லவில்லை.