ஆடி வெள்ளியில் ஒரு ரத்தக்காட்டேரி: பலெர்மோவில் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை, என் வாய்க்கொழுப்பு. போன வருடம் இதே வலைப்பூவில் ஒரு கொரிய ரத்தக்காட்டேரிப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தேன். கதை இதுதான்: சியோல் நகரத்தில் ஒரு பணக்காரக் கிழவியின் வீட்டில் சமையல்காரியாக இருக்கிறாள் ஒரு காட்டேரி. வருகிறவர்களுக்கெல்லாம் விதவிதமாகச் சமைத்துப் போடுகிறாள், தனக்கு வேண்டியதை மட்டும் தொடுவதில்லை. பச்சைச் சுவர், கறுப்புப் பட்டு உடை, எந்த இடத்தில் நிறுத்தினாலும் நகைக்கடை விளம்பரம் மாதிரி ஒரு காட்சி. விமர்சகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி அழகுக்காகவே தலையில் தூக்கி வைத்து ஆடியது. மற்றது, உடுப்பு இருக்கிறது உள்ளே ஆள் இல்லை என்று உதறியது. நான் இரண்டாவது கட்சி. “தலைவாழை இலை போட்டார்கள், சோறு வைக்க மறந்துவிட்டார்கள்” என்று எழுதி, அந்த வரியை நானே நாலு தடவை படித்து ரசித்தேன்.

அதற்குக் கீழே வந்த ஒரு பின்னூட்டம் என்னைத் தூங்கவிடவில்லை. “அண்ணை, படம் பாக்கேக்கை என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தனீங்கள்?” எழுதியவர் சுகந்தி, கிளிநொச்சிக்காரர். இத்தாலியில் சிசிலித் தீவின் பலெர்மோவில், ஒரு வயதான சின்யோராவை, அதாவது இத்தாலிய அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலை. பிரியாணி என்று உண்மையைச் சொன்னேன். “அப்ப இஞ்சை வந்து எங்களோடை இருந்து பாருங்கோ” என்று பதில் வந்தது. அவர் அங்கே ஒரு சினிமா சங்கத்தில் உறுப்பினர், அதில் சேர்ந்த முதல் தமிழர். உறுப்பினர்கள் வருடத்துக்கு ஒரு படம் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இருபத்தைந்து பேராவது வராவிட்டால் அடுத்த வருடம் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விடும். அவர் தேர்ந்தெடுத்தது இந்தப் படத்தை. நான் வட இத்தாலியில், போலோன்யாவில் ஆராய்ச்சி வேலையில் இருப்பவன். ஒரு தலையாவது கூடட்டுமே என்று 2016 ஜூலை கடைசி வெள்ளிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

போலோன்யாவிலிருந்து காலை 8.50 விமானம், ஒன்றரை மணி நேரம், போக வர 74 யூரோ. பலெர்மோ விமான நிலையம் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர். ரயில் பாதையில் வேலை நடப்பதால் பேருந்துதான், 6.30 யூரோ, ஐம்பது நிமிடம். வலது பக்கம் உட்கார்ந்தால் மலை, இடது பக்கம் கடல். நான் வழக்கம்போல் மலைப் பக்கம் உட்கார்ந்தேன். பழைய நகரப் பகுதியான கால்சாவில் 38 யூரோவுக்கு அறை. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் புதுப்பித்த மாளிகை, மறுபக்கம் ஒருவர் தெருவிலேயே அடுப்பு போட்டு மீன் சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டில் எது அழகு என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குப் பசி.

மதியம் ஒன்றரைக்கு வியா மக்வேதா தெருவில் சின்யோராவின் வீடு, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. சுகந்திக்கு நாற்பதுக்குள் இருக்கும், படபடவென்று பேசுகிறவர். சின்யோரா என்னையும் மேசையில் உட்காரச் சொன்னார். மத்தி மீனும் காட்டுச் சோம்புக் கீரையும் போட்ட பாஸ்தா. சுகந்தி கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் சின்யோராவிடம் நீட்டினார். கிழவி சப்புக்கொட்டிவிட்டு, இன்னும் ஒரு சிட்டிகை என்று விரலால் காட்டினார்.

“வெள்ளிக்கிழமையிலை எனக்கு உப்புப் பாக்கிறது சின்யோராதான்” என்றார் சுகந்தி. “நான் விரதம். மீன் மச்சம் எல்லாம் சமைப்பன், ஆனால் வாயிலை வைக்கமாட்டன்.”

நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருடைய தொலைபேசி அலற ஆரம்பித்தது. அங்கேயுள்ள தமிழர் கோயிலின் வேலைகளை முன்னின்று செய்யும் மலர் அக்கா; இருபத்தைந்து தலைக்கு சுகந்தி நம்பியிருந்தது அவரையும் கோயில் பெண்களையும்தான். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினார் சுகந்தி.

“எடி சுகந்தி, இண்டைக்கு ஆடி வெள்ளியெல்லே? நீ அனுப்பின போஸ்டரிலை ஒருத்தி வாயெல்லாம் ரத்தமா நிக்கிறாள். விரதத்தோடை அதைப் பாத்திட்டு அம்மனுக்குப் பூசைக்கு வாறதோ?”

“அக்கா, அஞ்சு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிஞ்சிடும். பூசை எட்டு மணிக்குத்தானே.”

“நேரம் இல்லையடி பிரச்சினை. ரத்தம்!”

சுகந்தி முகத்தில் ஈயாடவில்லை. சின்யோராவின் மகள் வந்து மாற்றிவிடுவது வெள்ளி மாலையில் மட்டும்தான், அதனால் அந்த நாளைப் பிடித்திருக்கிறார். விரத நாளில் சனங்கள் ஓய்வாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டவருக்கு, சுவரொட்டியில் வழியும் ரத்தம் கண்ணில் படவே இல்லை. “எனக்கு அது ரத்தப் படமா ஒருநாளும் தெரியேல்லை அண்ணை” என்றார். இத்தாலியர்களை நம்பவும் வழியில்லை. ஜூலை வெள்ளியில் பலெர்மோ முழுக்கக் கடற்கரையில் கிடக்கும்.

கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளம்தான் அரங்கம். நாலு மின்விசிறி, அறுபது நாற்காலி. வாசலில் சங்கத் தலைவர் நீனோ, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், கையில் ஒரு தாளோடு தலை எண்ணிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு என்னையும் சேர்த்து பதினாறு. சுகந்தி வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். இன்னும் கால் மணி நேரம் பார்ப்போம் என்றார் நீனோ, கடிகாரத்தைப் பார்க்காமல். நல்ல மனிதர்.

ஐந்தே காலுக்குத் தெருமுனையில் பட்டுச்சேலை தெரிந்தது. நெற்றியில் திருநீறு, கையில் பூக்கூடை, பின்னால் வரிசையாகப் பதினொரு பெண்கள். மலர் அக்கா நேராக சுகந்தியிடம் வந்தார்.

“நீ வாய் விட்டுக் கேட்டனி, வராட்டி சரியில்லை. ஆனால் ஒண்டு, ரத்தம் வரேக்கை முதலே சொல்லு. நாங்கள் கண்ணை மூடுவம்.”

நீனோ தாளில் 28 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேர்வை என்று எல்லோரிடமும் சொன்னார்.

அப்புறம் நடந்ததை எந்தத் திரைப்பட விழாவிலும் பார்க்க முடியாது. சுகந்தி திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “வருது!” என்று குரல் கொடுப்பார். பன்னிரண்டு பெண்களும் கண்ணை மூடுவார்கள். “போயிட்டுது!” என்றால் திறப்பார்கள். இரண்டாவது தடவை இத்தாலியர்களும் சிரித்துக்கொண்டே மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், முழுப் படத்திலும் அவர் குரல் கொடுத்தது மூன்றே தடவை. ரத்தப் படத்தில் அவ்வளவுதான் ரத்தம்.

நான் என் விமர்சனத்தில் கேலி செய்த காட்சி வந்தது. காட்டேரி இறைச்சி வெட்டுகிறாள், குழம்பு வைக்கிறாள், கரண்டியை எடுத்துக்கொண்டுபோய்க் கிழவியிடம் உப்புப் பார்க்கக் கொடுக்கிறாள். பத்து நிமிடம், ஒரு வார்த்தை கிடையாது. இது எதற்கென்று இயக்குநருக்கே தெரியாது என்று எழுதியிருந்தேன். மலர் அக்கா பெருமூச்சு விட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“பாவம், அவளும் விரதம்.”

சுகந்தி அதை இத்தாலிய மொழியில் சொன்னார். முன்வரிசையில் நெளிந்துகொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. மதியம் அதே கரண்டியை என் கண்ணெதிரே பார்த்தவன்தானே நான்! பார்த்துவிட்டு இன்னொரு தட்டு கேட்டவன்.

படம் முடிந்ததும் சங்க வழக்கப்படி பேச்சு. அந்த முன்வரிசைக்காரர், அழகுதான் ஆனால் மெதுவாகப் போகிறது என்றார். மலர் அக்கா மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு, “பசியோடை இருக்கிறவைக்கு நேரம் அப்பிடித்தான் போகும் எண்டு சொல்லு” என்றார். கைதட்டல் அடங்குவதற்குள் பெண்கள் பூசைக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த வருடம் எந்தப் படம் என்று நீனோ கேட்டபோது, சுகந்தியிடம் பதில் தயாராக இருந்தது. ஒரு பேய்ப்படம். “ஆனால் ஆடி வெள்ளியும் வேண்டாம், ஐப்பசி வெள்ளியும் வேண்டாம்” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, ஸ்ஃபெர்ராகவால்லோ. நகரப் பேருந்தில் 1.40 யூரோ, ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர், நெரிசலில் ஒரு மணி நேரம் பிடித்தது. அது சின்ன மீனவ ஊர், கரையெல்லாம் உணவகம். 25 யூரோவுக்குப் போதும் போதும் என்கிற வரைக்கும் கொண்டுவந்து வைக்கிறார்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு சுகந்தியும் வந்திருந்தார். மட்டிச் சிப்பியை எடுத்து வாயில் போட்டதும் கத்தினார்: “ஐயோ, உப்புக் கூடிப்போச்சு!” அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜூலையில் மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை வெளியே சுற்றாதீர்கள். பேருந்தில் கடல் பக்கம் உட்காருங்கள். கால்சாவில் அறை எடுத்தால் நடந்தே எல்லா இடமும் போகலாம், ஆனால் தெருக்கற்கள் பெட்டியின் சக்கரத்தை உடைத்துவிடும். எனக்கு உடைந்தது.

கடைசியாக, படம். பழைய விமர்சனத்தை நான் அழிக்கவில்லை, அதன் மேல் ஒரு திருத்தம் போட்டிருக்கிறேன்: இலையில் சோறு இருந்தது, நிறையவே இருந்தது. அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பதுதான் படம். பிரியாணியைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள்.