பின் டயர் வழுக்கியதற்குக் காரணம் நான்தான்

சென்ற சனிக்கிழமை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய், என் வண்டிக்கு இரண்டு டயரையும் மாற்றிக்கொண்டு வந்தேன். போக 39, வர 39, ஆக 78 கிலோமீட்டரில் முடிந்திருக்க வேண்டிய பயணம் 128 ஆயிற்று. கூடுதலாக ஓடிய ஐம்பது கிலோமீட்டர் எதற்கு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. வழக்கம்போல அளவு, விலை, நேரம் எல்லாம் இதிலும் உண்டு. ஆனால் நவம்பரில் டயர் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு என்னைப் பாராட்டியவர்கள் மனதைக் கொஞ்சம் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

முதல் முறையாக வருபவர்களுக்கு என் வண்டியைப் பற்றி இரண்டு வரி. பதினான்கு வருடப் பழைய 650 சிசி ஸ்போர்ட் டூரிங். வேகமாகவும் போகலாம், பக்கப் பெட்டி மாட்டிக்கொண்டு மனைவியோடு நெடுந்தூரமும் போகலாம். முன் டயர் 120/70-17, பின் டயர் 160/60-17. இந்த அகல ரிம்மைப் பார்த்தாலே விழுப்புரத்தில் பல கடைக்காரர்கள் "கீறல் விழுந்தா வம்பு சார்" என்று கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். நான் நம்பிப் போகும் இடம் திண்டிவனம் பைபாஸில் விண்ணரசி என்பவர் நடத்தும் டயர் கடை. லாரி டயரில் தொழில் கற்றவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தண்ணீர்க் கேனை வெட்டி எடுத்த பிளாஸ்டிக் துண்டுகளை ரிம்மின் விளிம்பில் மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தடவி, கடப்பாரை போட்டுக் கழற்றுவார். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் அதன் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணை வாடிக்கையாளரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் இரண்டு எண் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எண் எந்த வருடம். படிக்காவிட்டால் கடப்பாரையைத் தொடமாட்டார்.

நவம்பர் முதல் வாரம் நானும் மனைவி மஞ்சுளாவும் அங்கே போயிருந்தோம். புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த வெளிநாட்டு டயர் ஜோடி பாதி விலைக்குக் கிடைத்தது என்ற பூரிப்பில் இருந்தேன். ஒரு கிலோமீட்டர் கூட ஓடாதவை. தரையைப் பிடிக்கும் பட்டன் எல்லாம் தேயாமல் முழுசாக, உடம்பில் ரப்பர் முடி கூட உதிராமல் இருந்தன. விண்ணரசி நீட்டினார், நான் படித்தேன்: "பதினெட்டு, பதினேழு." அதாவது 2017-ஆம் வருடம், பதினெட்டாவது வாரம்.

அவர் பின் டயரின் நடுவில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"நகம் எறங்கலியே சார். கல்லு மாதிரி ஆயிடுச்சி. வெயில்ல ஓட்டிடுவீங்க. மழைல இது பிடிக்காது. பின்னாடி அக்கா வேற உக்கார்றாங்க."

ஆறு வருடத்துக்கு மேற்பட்ட டயரைத் தொடாதீர்கள் என்று இதே வலைப்பூவில் உபதேசம் செய்தவன் நான். ஆனாலும் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க லாரி டயர் பார்த்துப் பழகினவங்கம்மா. இது நடுவுல கெட்டி, ஓரத்துல மெது. அப்படித்தான் செஞ்சிருப்பான்." பக்கத்தில் இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. விண்ணரசி மாட்டிக் கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்து, தூறலில், கூட்டேரிப்பட்டில் மயிலம் பக்கம் திரும்பும்போது பின் டயர் வழுக்கியது. வேகம் நாற்பது கூட இருக்காது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. மஞ்சுளாவுக்கு வலது தோளில் காறை எலும்பு முறிந்தது. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஆறு வாரம் கரும்பலகையில் எழுத முடியாமல், இடது கையால் சோறு தின்றாள்.

இப்போது வெட்கக்கேடான பகுதிக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், "டயரைப் பார்த்து வாங்கினால் மட்டும் போதாது, மாட்டுகிறவரையும் பாருங்கள்" என்று ஒரு பதிவு எழுதினேன். திண்டிவனம் பைபாஸில் ஒரு பெண் நடத்தும் லாரி டயர் கடையில் சரியாக மாட்டாததால் வண்டி வழுக்கிவிட்டது என்று எழுதினேன். விழுந்தவன் நான் என்று சொல்லவும் மானம் இடம் கொடுக்கவில்லை. "சென்னை நண்பர் ஒருவர்" என்று எழுதினேன். அந்தப் பைபாஸில் டயர் கடை நடத்தும் பெண் ஒருவர்தான். பெயர் போடாவிட்டாலும் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் எழுதினேன்.

மஞ்சுளா அதைப் படித்துவிட்டுச் சண்டை போடவில்லை. "யாரு அந்தச் சென்னை நண்பர்?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அந்தம்மா நகத்தை வச்சுப் பாத்தப்ப நானும் பக்கத்துலதானே நின்னுக்கினு இருந்தேன்" என்றாள். அத்தோடு சரி. வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டாள்.

இந்த முறை டயர் தேர்வில் புத்தி வேலை செய்தது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வெளிநாட்டு ஸ்போர்ட் டூரிங் ஜோடி 25,000 ரூபாயைத் தாண்டும். புதிய தேதியில் கிடைப்பது குதிரைக் கொம்பு. பந்தய வகை மெது ரப்பர் அருமையாகப் பிடிக்கும், ஆனால் ஐயாயிரம் கிலோமீட்டரில் காலி. நம் ஊரில் தயாராகும் டூரிங் ரேடியல் ஜோடி 16,200. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் வரும் என்கிறார்கள், தேதியும் சில மாதத்துக்குள் இருந்தது. மழை, பெட்டி, பின்னால் ஆள் என்று ஓட்டும் நமக்கு மூன்றாவதே போதும். வாங்கினேன்.

சனிக்கிழமை காலை 7.10-க்குக் கிளம்பினேன். புது டயர் இரண்டையும் பின் இருக்கையில் கட்டியிருந்தேன். வானம் வெளுத்திருந்தது. அந்தக் கல் டயரில் ஐம்பதைத் தாண்டத் துணிவில்லை. விக்கிரவாண்டியில் டீ குடித்தது பத்து நிமிடம். திண்டிவனம் சேர 8.15. மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடையில் விண்ணரசி இடுப்பில் பட்டையான பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு லாரி டயரை நிமிர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க சார். அக்கா வரலிங்களா?"

"வீட்ல வேலை" என்றேன். முதல் பொய்.

வண்டியைச் சுற்றி வந்தவர் சைலன்சரில் இருந்த நீளமான கீறலைத் தடவினார். "எங்கியோ சாஞ்சிருக்குது போல?"

"ஸ்டாண்டு போடறப்ப சாஞ்சிடுச்சு." இரண்டாவது பொய்.

தலையாட்டினார். புது டயரை நீட்டினார். "முப்பத்திமூணு, இருபத்தஞ்சு" என்று படித்தேன். நகம் அழுத்தினார், இறங்கியது. "இதான் சார் டயரு" என்றார். பழைய வால்வுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டார். பேரிங் வைத்து அவரே செய்துகொண்ட ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுழற்றி, எடைத்துண்டு ஒட்டி, பேலன்ஸ் பார்த்தார். இரண்டு சக்கரத்துக்கும் கூலி 600, வால்வு 300. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

வேலைக்கு நடுவில், தலை நிமிராமலே பேசினார்.

"முதுகுல ஆபரேசன் பண்ணிக்கினேன்ல சார், லாரி டயரத் தூக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. பெரிய பைக்கு வேல இருக்குதேன்னு தெம்பா இருந்தேன். சனி ஞாயிறுன்னா மெட்ராஸு, பாண்டிலேர்ந்து அஞ்சு வண்டி வரும். தீபாவளிக்கு அப்பால ஒண்ணு கூட வர்றதில்ல. யாரோ நெட்டுல எழுதிட்டாங்களாம், நம்ம கடையில டயரு மாட்டினா வண்டி வழுக்குதுன்னு. திரும்ப லாரியே கதின்னு ஆயிடுச்சி."

நான் பர்ஸைத் திறந்து மூடினேன்.

"நீங்க எத்தினி வருசமா வந்துக்கினு இருக்கீங்க, நம்ம வேல உங்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கத் தெரிஞ்சவரு. அந்த ஆளுக்கு ஒரு பதில் எழுதிப் போட்றீங்களா சார்?"

அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. நான் சொன்னது, "சரிம்மா, எழுதிடலாம்."

பத்தரைக்குப் புறப்பட்டேன். புது டயருக்கு மேல் வழவழப்பு இருக்கும், முதல் இருநூறு கிலோமீட்டர் அதிகம் சாய்க்காமல் ஓட்ட வேண்டும். அதனால் மெதுவாகத்தான் வந்தேன். வண்டி வெண்ணெய் போல ஓடியது. அதை ரசிக்க முடியவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி நிழலில் நிறுத்தி போனைத் திறந்தேன். நவம்பர் பதிவுக்குப் புதிதாக ஒரு பின்னூட்டம்: "நன்றி அண்ணா. அந்தக் கடைக்குப் போக இருந்தேன், உங்கள் பதிவைப் பார்த்து வேறு இடம் போய்விட்டேன். காப்பாற்றினீர்கள்."

பெல்ட் கட்டிய அந்த இடுப்புதான் கண் முன்னால் வந்தது. வண்டியைத் திருப்பினேன். திரும்பவும் 25 கிலோமீட்டர்.

விண்ணரசி அதே லாரி டயரோடுதான் இருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னேன். கழற்றினால் சொல்லியிருக்க மாட்டேன். "நெட்டுல எழுதினது நான்தாம்மா. விழுந்ததும் நான்தான். மஞ்சுளாவுக்குக் காறை எலும்பு உடைஞ்சு போச்சு. தப்பு உங்களுது இல்லை."

அவர் கையைத் துணியில் துடைத்தார். "அக்காவுக்கு இப்ப எப்டி இருக்குது?"

"கூடிடுச்சு. கை முழுசா தூக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"தெரியும் சார்" என்றார். "கீறலப் பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சி. நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதான் பதில் எழுதுங்கன்னு வாயத் தொறந்து கேட்டேன். சரின்னு சொல்லிட்டுப் போய்ட்டீங்களே."

அவர் வண்டியைக் காட்டினார். "ஸ்டாண்டு போடுங்க. அம்பது கிலோமீட்டர் ஓடியிருக்குது, அச்சு நட்டு ஒரு வாட்டி பாத்துடணும். காத்தும் பாக்கணும். இப்ப சூடா இருக்குது, தப்பாக் காட்டும். ஆறட்டும்."

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தேன். டயர் ஆற முப்பத்தைந்து நிமிடம். அவர் தன் வேலைக்குப் போனார். லாரி டயரை உருட்டினார், சாய்த்தார், மூச்சு வாங்க நின்றார். ஒருமுறை தூக்க எழுந்து போனேன். "வேணாம் சார், நகருங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு வந்து நட்டை முறுக்கிப் பார்த்தார். காற்று பார்த்தார். "முன்னாடி முப்பத்திமூணு, பின்னாடி முப்பத்தாறு. அக்கா உக்காந்தா பின்னாடி நாப்பது வைங்க." காசு நீட்டினேன், வாங்கவில்லை. "இதுக்குக் காசு கெடயாது. எழுதறத எழுதுங்க. ஆனா இனிமே நீங்க இங்க வராதீங்க சார்."

வீட்டுக்கு வந்து மஞ்சுளாவிடம் எல்லாம் சொன்னேன். "முதல்ல எழுது" என்றாள். எழுதிவிட்டேன். நவம்பர் பதிவை அழிக்கவில்லை. அழித்தால் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். அதன் உச்சியில் இந்தப் பதிவின் சுட்டியை ஒட்டியிருக்கிறேன். "காப்பாற்றினீர்கள்" என்று எழுதிய தம்பிக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

பழைய ஸ்போர்ட் டூரிங் வண்டிக்கு டயர் தேடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். பட்டன் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேதியைப் படியுங்கள், நகத்தை அழுத்துங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய டயர் பின்னால் உட்காருபவரின் எலும்பில் மீதியை வாங்கிக்கொள்ளும். முன்னும் பின்னும் ஒரே வகையில் சேர்த்து மாற்றுங்கள். காற்றை டயர் ஆறிய பிறகு பாருங்கள்.

மாட்டுவதற்குத் திண்டிவனம் பைபாஸ் போங்கள். விழுப்புரத்திலிருந்து வந்தால் 39 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடைக்குப் போர்டு கிடையாது, விண்ணரசி என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காலை எட்டு மணிக்குத் திறந்துவிடுவார். அந்தப் பக்கத்தில் அவரைவிட நன்றாக மாட்டுபவரை நான் பார்த்ததில்லை. அடுத்த முறை டயர் தேய்ந்தால் நான் சென்னை வரைக்கும் போக வேண்டும்.