சந்தனப் பொட்டு வைத்த கடிதம்

என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளுக்கும் பஞ்சமிருக்காது. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. வாரா வாரம் இந்தப் பேப்பர் பத்தியைத் திருத்தி அச்சுக் கோர்க்கிற புண்ணியவானிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் வண்டிப்பெரியார் டாக்ஸி ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா வந்து கவர் ஒன்றை நீட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க பேப்பர்ல எழுதுத ஆளுல்லா? இதுல என்ன போட்டுருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

பிரித்தேன். இங்கிலீஷ்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா. போஸ்ட் மாஸ்டர்ட்ட குடுங்க, வாசிப்பாரு."

"என்ன அண்ணாச்சி, வெளையாடுதியளா? பேப்பர்ல எழுதுதவுகளுக்கு இங்கிலீஷ் தெரியாதாக்கும்!" சிரித்துக்கொண்டே போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தாறு வயதில் அதை ஊரார் முன்னால் சொன்னது இதுதான் முதல் தடவை. மூன்றே சொல். போன வருடம் சொல்லியிருந்தால் என் மைத்துனன் இசக்கிமுத்து இன்று உயிரோடு இருப்பான்.

என் பழைய பிளஷர் காரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாலக்காட்டுக் கல்பாத்தியில், ரிட்டயரான ஒரு சாரிடம் வாங்கியது. அதன் நோய்களை இந்தப் பத்தியில் எழுதி நானே உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். பின் கதவு வெளியிலிருந்து மட்டும்தான் திறக்கும். மழை பெய்தால் இடது பக்கம் உட்கார்ந்தவரின் முழங்காலில் குறி பார்த்துச் சொட்டும். இடது வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன்சக்கரத்தின் பக்கம் 'டக்... டக்...' என்று ஒரு சத்தம்.

நானும் இசக்கியும் முறை வைத்து அதை டாக்ஸியாக ஓட்டினோம். என் மனைவி பேச்சியம்மாளின் ஒரே தம்பி அவன். அந்தச் சத்தம் கேட்டதும் பின்னால் இருப்பவர்களிடம் திரும்பாமலே சொல்வான்: "பயப்படாதிய, வண்டி வெத்தல இடிக்கு."

அதையும் எழுதினேன். ஊரே சிரித்தது.

நான் அதை எழுதுவதற்கு முன்பே, பங்குனி மாதத்தில், ஒரு கடிதம் வந்திருந்தது. கல்பாத்தி சார் பெயருக்கு வந்த கவர். அவர் தம் விலாசத்தை அடித்துவிட்டு, என் விலாசத்தை எழுதித் திருப்பி விட்டிருந்தார். உள்ளே வழவழப்பான தாள். மேலே கார் கம்பெனியின் முத்திரை, கீழே பெரிய கையெழுத்து, நடுவில் என் வண்டியின் எஞ்சின் நம்பர். எனக்குப் படிக்கத் தெரிந்தது அந்த நம்பரும் தேதியும்தான்.

"என்ன அத்தான் போட்டுருக்கான்?" என்றான் இசக்கி.

ஸ்டாண்டில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய கடிதத்தையும் வாசித்துச் சொல்கிறவன் நான்... தமிழ்க் கடிதங்களை. இங்கிலீஷ் கடிதத்தை அதுவரை யாரும் என்னிடம் நீட்டியதில்லை. தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"நல்ல வண்டின்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்" என்றேன்.

"அப்படிப் போடுங்க! சர்ட்டிபிகேட்டா?"

"ஆமா."

பொய் சொல்கிறோம் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. எங்கள் எஸ்டேட் லய வீடுகளில் முத்திரை வைத்த தாள் வந்தால் யார் படிக்கிறார்கள்? சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகுவோம். வேலைத் தாளும் பிள்ளைகளின் பிறப்புத் தாளும் அங்கேதான் இருக்கும். இசக்கியும் அதைத்தான் செய்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு, டேஷ் போர்டில் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டினான். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகனுக்கு ஒரு சந்தனப் பொட்டு, கடிதத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு.

"கம்பெனி சர்ட்டிபிகேட்டு உள்ள வண்டி. தைரியமா ஏறுங்க."

மூன்று மாதம் இப்படிச் சொல்லித்தான் ஆட்களை ஏற்றினான்.

ஆனி மாதம். பட்டப்பகல். பீர்மேட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். மழை விட்டு ரோடு காய்ந்திருந்தது. இடது வளைவில் வண்டி வளையவே இல்லை. நேராகப் போய்த் தேயிலைச் சரிவில் இறங்கிவிட்டது என்றார், பின்னால் வந்த ஜீப் டிரைவர்.

வளையவே இல்லையா? அப்படியானால் தூங்கியிருப்பான் என்றார்கள். குடித்திருப்பான் என்றும் சொன்னார்கள்.

"வண்டி காலியா வந்துச்சு, நல்லவேளை. யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். யாருக்கும்... இசக்கி 'யாரும்' இல்லையா?

பேச்சி, துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "எந்தம்பி குடிப்பானா? நீங்களே சொல்லுங்க, குடிப்பானா?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின், வாசகர் கடிதக் கட்டு பேப்பர் ஆபீசிலிருந்து வந்தது. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்.

'ஏனுங்க, வெத்தல இடிக்கிற சத்தம்னு எழுதியிருந்தீங்க. அது சிரிக்கிற சங்கதியில்லீங்க. என்ற வண்டியும் அதே கம்பெனி, அதே வருசமுங்க. இதே சத்தந்தானுங்க. பக்கத்து ஊருல ஒருத்தரு வண்டியிலயும் இருந்துச்சுங்க. ஸ்டீயரிங்குல ஒரு சாமான்ல கோளாறு, கொண்டாந்தா சும்மாவே மாத்தித் தாரோம்னு கம்பெனில இருந்து காயிதம் வந்து, மாத்திப்போட்டோமுங்க. உங்க ஊட்டுக்கும் காயிதம் வந்திருக்கோணுமே? தேடிப் பாருங்க.'

தேடவேண்டிய அவசியமே இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் திருப்பித் தந்த சாமான்களோடு அது இருந்தது. முருகன் படத்தின் கண்ணாடி நொறுங்கியிருந்தது. பிளாஸ்டிக் உறையில் ஒரு கீறல் இல்லை.

எடுத்துக்கொண்டு போஸ்ட் மாஸ்டரிடம் போனேன். மலையாளி, நல்ல மனிதர். உறையின் மேல் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு வாசித்தார். அந்தச் சாமானை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே கூடாது என்று எழுதியிருந்ததாம். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது சேட்டன் வாயிச்சில்லே?"

படிக்கவில்லையா என்று கேட்கிறார். கடிதத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

அடுத்த வாரம் கல்பாத்திக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. சார் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாரும், வாரும். வண்டி எப்படி ஓடறது?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கடுதாசி வந்துதோன்னோ? நான் அன்னிக்கே திருப்பி விட்டேனே!"

"வந்துச்சு சார்."

"பின்னே?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சொன்னார்: "ரெண்டு வரி தமிழ்ல எழுதி உள்ளே வெச்சிருக்கணும். விலாசத்தை மாத்தியாச்சு, நம்ம காரியம் தீர்ந்துடுத்துன்னு இருந்துட்டேன்."

பழியில் பாதியை அவர் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கம்பெனிக்கு முதலில் வாங்கியவரைத்தான் தெரியும், நம்மைத் தெரியாது. விற்றவரிடம் போய், ஏதாவது கடிதம் வந்ததா என்று கேளுங்கள். வண்டியில் புதுச் சத்தம் கேட்டால் அதற்குப் பெயர் வைத்துச் சிரிக்காதீர்கள். படிக்கத் தெரியாத கடிதம் வந்தால், தெரிந்தவர் காலில் விழுந்தாவது வாசிக்கச் சொல்லுங்கள். கூச்சம் நல்ல குணம் என்கிறார்கள்... என் கூச்சம் ஓர் ஆளைக் கொன்றிருக்கிறது.

ஸ்டாண்டில் இப்போதும் சில பேர் குடிகாரன் வண்டி என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். இசக்கி குடிக்கவில்லை. தூங்கவில்லை. அன்றைக்கும் அவன் ஸ்டீயரிங்கைச் சரியாகத்தான் ஒடித்திருப்பான். வண்டிதான் கேட்கவில்லை. இந்த இடத்தை யாராவது ஸ்டாண்டில் சத்தமாக வாசித்துவிடுங்கள்.

வீட்டில் வாசிக்க ஆள் தேட வேண்டாம். பேச்சிக்கு எழுத்துத் தெரியாது. பேப்பர் வந்ததும் கை வேலையைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்காருவாள். நான்தான் வாசித்துக் காட்டுவேன். ஒரு வருடமாக அவளிடம் சொல்லாததை, இந்த வாரம் ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

அந்தக் கடிதத்தில் நான் படித்த தேதி 4-3-1975. இதை எழுதிய தேதியையும் போட்டுவிடுகிறேன்.

22-6-1976.