பலூன்காரரும் பத்தொன்பதாம் பக்கமும்

பலூன்காரர் என்று கேள்விப்பட்டு, பிறந்தநாள் விழாவுக்கு நூறு பலூன் ஆர்டர் கொடுக்க அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. அந்தப் பலூன் இல்லை ஐயா. சித்திரக்கதைப் புத்தகத்தில் ஆட்களின் வாய்க்குப் பக்கத்தில் வட்டமாக மிதக்குமே, அதற்குள் பேச்சை எழுதுகிறவர். கதையை ஒருவர் எழுதுவார், படத்தை ஒருவர் போடுவார். இவர் கறுப்பு மையும் மூன்று பேனாவுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முப்பத்தொரு வருஷமாக இரும்புச் சிறகன் என்ற பறக்கும் வீரனைப் பேச வைத்துக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு வார்த்தைகூடச் சொந்த வார்த்தை இல்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. முத்து முத்தான கையெழுத்து, பத்திரிகை ஆசிரியரம்மாவிடம் நல்ல பெயர், அது போதும் என்று இருந்த மனுஷர்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது இருநூற்றுப் பன்னிரண்டாம் இதழ்.

பக்கத்து நாட்டில் சண்டை நடக்கிறது. அங்குள்ள மக்களைக் காப்பாற்ற இரும்புச் சிறகன் எல்லை தாண்டிப் பறக்கிறான். மலை உச்சியில் உட்கார்ந்திருக்கும் மனத்திருடன் அவன் மூளைக்குள் புகுந்துகொள்கிறான். அவ்வளவுதான், காப்பாற்றப் போன ஊரே சிறகன் கண்ணுக்குப் பேய்க் கூட்டமாகத் தெரிகிறது. ஊரைக் கொளுத்தக் கை ஓங்குகிறான். நாட்டின் பெயரை மாற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வீட்டுக் கூரையையும் ஆட்களின் தொப்பியையும் பார்த்தால் எந்த நாடு என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு மாதமாக நம் நாட்டோடு எல்லையில் நிஜமாகவே குண்டு வீசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடு. பலூன்காரரின் மருமகள் பிறந்த நாடும் அதுதான்.

மகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். இங்கே படிக்க வந்த பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். அவள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அப்பா அங்கே ஓய்வுபெற்ற தபால்காரர், மூக்கு நுனியில் கோபம். கல்யாணத்தைக்கூட எப்படியோ பொறுத்துக்கொண்டவர், சண்டை தொடங்கியதும் மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் போன் போடுவாள். அந்தப் பக்கம் எடுக்கும், அவள் குரலைக் கேட்கும், வைத்துவிடும். உடனே அவள் சமையலறைக்குப் போய்க் கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் பலூன்காரருக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ஆனால் என்ன சொல்வதென்று தெரியாது. அடுத்தவர் வசனத்தை எழுதியே பழகியவர்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அவள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பத்தொன்பதாம் பக்கம் மேசைமேல் கிடந்தது. சிறகன் வாசலில் கை ஓங்கி நிற்கிறான். உள்ளேயிருந்து ஒரு பெரியவர் கதவைத் திறக்க, அந்தக் கணமே மனத்திருடனின் பிடி விட்டுப்போகிறது. அவர் பலூனுக்குள் வெறும் சுழிகளும் கோடுகளும்.

"மாமா, இந்தப் பெரியவர் என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. சும்மா கிறுக்கல். வெளிநாட்டு ஆளுன்னா இப்படித்தான் போடுவோம். ஏதோ பேசுறாங்கன்னு தெரிஞ்சா போதும்."

அவள் குனிந்து அந்தச் சுழிகளைப் பார்த்தாள். "எங்க ஊர்லயும் இந்த மாதிரி புத்தகம் வரும் மாமா. அதுல நீங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். எங்கோ ஒரு மேசையில், தன்னைப் போலவே ஒருவன் தேநீரை ஆறவிட்டு இவர் பேச்சைக் கிறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்ததும் பலூன்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு ஆசிரியரம்மாவுக்குப் போன் போட்டார்.

"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். இப்ப வந்து மாத்தணும்னா எப்படி?" அந்த அம்மா கத்தினாள்.

"அவன் மனத்திருடன் பிடியில இருக்குற வரைக்கும் கிறுக்கலாவே இருக்கட்டும்மா. பிடி விட்டதும் அதே ஆளுங்க பேசுறது அவங்க எழுத்துல தெளிவாத் தெரியட்டும். அர்த்தத்தைக் கீழே கட்டத்துல போட்டுடலாம். அப்பதான் சிறகன் மண்டைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு படிக்கிறவங்களுக்கும் உறைக்கும்."

கத்திக்கொண்டிருந்த அம்மாவின் குரல் இறங்கியது.

"முப்பத்தொரு வருஷமா இந்த மூளையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

அன்று முதல் மாமனாரும் மருமகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். கதை எழுதுகிறவர் அவசரமாக அனுப்பிய வசனங்களை அவள் தன் மொழியில் எழுதிக் கொடுப்பாள். அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்து வரைவார். மொத்தம் பதினாறு பலூன். கிரேன்காரன் வந்து எட்டிப் பார்த்து, "அப்பா, இது எழுத்தா, மண்புழுவா?" என்று கேட்டு இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

முதல் நாள் ராத்திரியே பத்தொன்பதாம் பக்கம் முடிந்ததும் அவள் அதைப் போனில் படம் பிடித்துத் தன் அப்பாவுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. மறுநாள் பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவளைவிடப் பலூன்காரர்தான் அந்தப் போனை அதிகமாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் மணி அடித்தது. அவள் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "எடும்மா!" என்று பலூன்காரர் அதட்டினார்.

அந்தப் பக்கம் ஒரு கரகரத்த குரல் பொரிந்து தள்ளியது. மகளிடம் நலம் விசாரிக்கவில்லை. எழுதிய ஆள்தான் வேண்டுமாம்.

"எங்க ஊர்ப் பெரியவர் யாரும் ரெக்கை கட்டினவனைப் பார்த்து 'காப்பாத்துங்க வீரரே'ன்னு கெஞ்ச மாட்டாராம். எந்த மடையன் எழுதின வசனம்னு கேக்குறார் மாமா."

"நியாயந்தான்னு சொல்லு. அப்ப அவர் என்னதான் சொல்வாராம், கேளு."

கேட்டாள். பதில் ஒரே மூச்சில் வந்தது. அவள் அதை மொழிபெயர்க்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னம்மா, திட்டுறாரா?"

"ஆமா மாமா, திட்டுறார்." கண்ணீர் வழிந்தது, சிரிப்பும் வந்தது. "'கதவு திறந்திருக்கு, என்ன முழிக்கிறே? தூசி வருது, உள்ள வா'ன்னு சொல்வாராம். பள்ளிக்கூடம் விட்டு லேட்டா வந்தா பயந்துக்கிட்டு வாசல்லயே நிப்பேன். அப்ப எங்கிட்ட இதைத்தான் சொல்வார்."

பலூன்காரர் வெள்ளைத் தாளை வெட்டிப் பழைய வசனத்தின் மேல் ஒட்டினார். "நான் இந்த எழுத்துக்குப் புதுசு. ஒவ்வொரு எழுத்தா நிதானமாச் சொல்லச் சொல்லு. நீ எழுதி எழுதிக் காட்டு."

அவர் சொல்ல, அவள் திருப்பிச் சொல்லி எழுத, இவர் வரைந்தார். நடுவில் அப்பா மகளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். இன்னும் ஏதோ கேட்டார். பேச்சு கொஞ்சம் ஓய்கிற மாதிரி இருந்தபோது பலூன்காரர் குறுக்கிட்டார்.

"எழுத்து சரியா விழலைம்மா. முதல்லேர்ந்து இன்னொரு தடவை கேளு."

மூன்று தடவை அப்படிக் கேட்க வைத்தார். பெரியவரின் பலூனில் வசனம் எப்போதோ முடிந்து, மையும் காய்ந்திருந்தது.