உரக்கடை மாடியில் வெப் டீச்சர்

"டேபிள்" என்று குரல் கொடுத்துவிட்டு, கிருபாபாய் டீச்சர் வலது காதைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருக்கிறார். "ஸ்லாஷ் டேபிள்" என்று வகுப்பு திருப்பிச் சொல்கிறது. "ஃபான்ட்." "ஸ்லாஷ் ஃபான்ட்." "பாடி." "ஸ்லாஷ் பாடி." கூட்டத்தில் ஒரு குரல் குறைந்தாலும் அந்தக் காதுக்குத் தெரிந்துவிடும். "யாருலே அது, கதவத் தொறந்து போட்டுட்டு ஒக்காந்திருக்கது?" என்பார். பின்பெஞ்சுப் பையன் எழுந்து விட்ட குறையைத் தனியாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே, சாயங்காலம் ஆறு மணிக்கு இது நடக்கிறது. கேட்கிறவர்களுக்கு என்னவோ ஜெபக் கூட்டம் என்றுதான் தோன்றும். நடப்பது வெப் டிசைன் வகுப்பு. கம்ப்யூட்டர் பெட்டியில் தெரியும் பக்கத்தை எப்படி எழுத வேண்டும், படத்தை எங்கே வைக்க வேண்டும் என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்குச் சில கட்டளைகள் இருக்கின்றன. ஒன்றை ஆரம்பித்தால், அதே பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டு முடித்தாக வேண்டும். முடிக்காமல் விட்டால், தலைப்புக்குப் போட்ட சிவப்பு நிறம் பக்கம் முழுக்க வழிந்து கால்வரை வந்துவிடும்.

டீச்சர் தம் வேதக் கோயிலில் பாதிரி ஐயர் ஒரு வசனம் சொல்ல, சபை மறுவசனம் சொல்லிப் பழகியவர். அதே முறையை இங்கேயும் வைத்துவிட்டார். பஜனை மடத்துப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பஜனை மாதிரி இருக்கிறது. யாருக்கும் சிரமம் இல்லை. சிரமம் எல்லாம் கீழே உரக்கடை மாரிசாமிக்குத்தான். மேலே இருந்து "டேபிள்" என்று வந்தால், தராசுத் தட்டில் கை வைத்தபடியே அவர் வாய் "ஸ்லாஷ் டேபிள்" என்று சொல்லிவிடுகிறது. தேவதானத்திலிருந்து வந்த சம்சாரி ஒருவர், அது என்ன புது மருந்தா, நெல்லுக்கு அடிக்கலாமா என்று விசாரித்தாராம்.

டீச்சருக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். பருத்திச் சேலை, ஊசி குத்தி நிறுத்திய முந்தானை, நேரான முதுகு. அந்த முதுகு டைப்ரைட்டிங் கொடுத்தது. இதே மாடியில் பல வருஷம் தமிழும் இங்கிலீசும் தட்டச்சு சொல்லிக் கொடுத்தவர். டைப் மிஷின்கள் ஒவ்வொன்றாக மூலைக்கு நகர்ந்து அங்கே கம்ப்யூட்டர்கள் வந்து உட்கார்ந்தபோது, மதுரைக்குப் போய் ஒரு மாதம் தங்கி இதைப் படித்துவிட்டு வந்தார். இன்றைக்கும் யோசனை வந்தால் மடியில் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகள் எழுத்தை ஓட விடுவதிலும் மினுக்க விடுவதிலும் பிரியமாக இருக்கிறார்கள். டீச்சருக்கு அது ஆகாது. "ஒரு வரி ஓடுனா போதும்யா. அம்புட்டும் ஓடுனா, படிக்கவன் பின்னாலயே ஓடவா?" என்பார். சோலைராஜ் என்ற பையன் சிவப்புப் பக்கத்தில் பச்சை எழுத்துப் போட்டு, சுற்றிலும் மஞ்சள் நட்சத்திரங்களை மினுக்க விட்டிருந்தான். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சர், "ஏலே சோலை, அம்மன் கொடை என்னைக்கு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் நட்சத்திரங்கள் அணைந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த மாடியில் இன்டர்நெட் கிடையாது. டீச்சரே அதை மதுரையில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். ஒரு படம் நெற்றியிலிருந்து மோவாய்க்கு இறங்கி வருவதற்குள் ஓர் ஈடு இட்லி எடுத்துவிடலாம் என்பது அவர் சொல்லும் கணக்கு. அது எப்படித்தான் இருக்கும் டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டால், கொஞ்சமும் கூச்சப்படாமல் சொல்வார்: "பரலோகம் மாதிரிதான். நானும் இன்னும் குடிபோகல. போறவிய அங்க ஒழுங்கா நடந்துக்கிடணுமே, அதுக்குத்தான் இந்தப் பாடு."

இந்தப் பாடு நிலைக்குமா என்பதே போன ஆனி மாதத்தில் கேள்வியாகிவிட்டது. கம்ப்யூட்டர் சென்டரின் முதலாளி வைகுண்டராஜ் நல்ல மனிதர். ஆனால் மில்லைச் சுற்றியே யோசிக்கிறவர். வெப் படித்தவன் வேலைக்கு எங்கே போவான், டேலி என்கிற கணக்குப் பாடம் படித்தால் நம் ஊர் மில் ஆபீசிலேயே உட்காரலாமே என்பது அவர் வாதம். சாயங்கால வேளையை டேலிக்குக் கொடுத்துவிட்டு, டீச்சரைத் திரும்பவும் மூலையில் கிடக்கும் டைப் மிஷின்களுக்கு அனுப்பிவிடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டார். மீதிக் கால்வாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்காட்சியின் கையில் இருந்தது. தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்ப்யூட்டர் கண்காட்சி வைத்தார்கள். அங்கே நம் பிள்ளைகள் செய்ததைப் பார்த்து நாலு பேர் புதிதாகச் சேர வந்தால் வகுப்பு நடக்கட்டும், இல்லாவிட்டால் டேலி என்றார்.

பிள்ளைகள் ஸ்ரீவில்லிபுத்தூரையே பக்கமாகச் செய்தார்கள். கோபுரம், தேர், மலையடிவாரத்துச் சாம்பல் அணில், பால்கோவா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். அச்சகத்தில் கெஞ்சி அவற்றை ஸ்கேன் செய்து வாங்கினார்கள். பால்கோவாப் படத்தில் இருப்பது பிச்சையம்மாள். வகுப்பில் படிக்கும் அன்னத்தாயின் அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடை ஒன்றில் அடுப்படியில் நின்று பால் கிண்டுகிறவர். எல்லாம் முடிந்ததும் டீச்சர் பக்கத்தை ஒரு பிளாப்பியில் ஏற்றினார். சரியாக ஏறியிருக்கிறதா என்று அதே கம்ப்யூட்டரில் போட்டும் பார்த்தார். கோபுரம் ஜம்மென்று நின்றது. மிஷினெல்லாம் நாங்களே வைத்திருக்கிறோம், பிளாப்பியைக் கொண்டுவந்தால் போதும் என்று கண்காட்சிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். டீச்சர் அதைக் கைப்பையில் வேதப்புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போனார்.

மண்டபத்தில் பிளாப்பியைப் போட்டார்கள். எழுத்தெல்லாம் வந்தது. படம் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கட்டம், ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் சின்னதாய் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. அடுப்படி வேலையை ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு வந்திருந்த பிச்சையம்மாள், திரைக் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்த் தேடினார்.

"ஏட்டி, நான் எங்கட்டி?"

அன்னத்தாய் கட்டத்தைக் காட்டினாள். "இங்கதாம்மா இருந்த."

நடந்தது இதுதான். இந்தப் படத்தை எடுத்துப் போடு என்று பக்கத்தில் எழுதும்போது, அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். டீச்சர் எல்லாருக்கும் மாடிக் கம்ப்யூட்டரின் அலமாரி விலாசத்தையே எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தார். பிளாப்பியில் ஏறியது எழுத்து மட்டும். படங்கள் மாடியிலேயே இருந்துவிட்டன. அங்கே போட்டுப் பார்த்தபோது பக்கம் பக்கத்து அலமாரியிலிருந்து படத்தை எடுத்துக் காட்டியது. இங்கே ஏது அந்த அலமாரி? ஒரே வீட்டில் பிறந்து, அந்த வீட்டை விட்டு வெளியே போகாத பக்கம் அது.

வைகுண்டராஜ் வெள்ளைச் சட்டையும் கையைக் கட்டிய தோரணையுமாகப் பக்கத்தில் நின்றார். கூட்டத்தில் கேட்டவர்களிடம், இங்கே வைத்திருக்கும் மிஷினில் ஏதோ வைரஸ் என்று தாமே சமாளித்தார். டீச்சர் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். வகுப்பும் ஒருவேளை தப்பித்திருக்கும். விரல்கள் சேலைமேல் கொஞ்ச நேரம் தட்டின. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"மிஷின் மேல பழி போட வேண்டாம் சார். படமெல்லாம் ராஜபாளையத்துல இருக்கு. இந்தப் பிள்ளைய மேலயும் தப்பு இல்ல. நான் சொல்லிக் குடுத்த வெலாசம் தப்பு."

வைகுண்டராஜ் கட்டிய கையை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். அப்படின்னா டேலிதான் என்று அந்தக் கை சொன்ன மாதிரி இருந்தது.

டீச்சர் எதிரே இருந்த பூத்துக்குப் போய் உரக்கடைக்கு போன் போட்டார். மாடிச் சாவி மாரிசாமியிடம்தான் இருக்கும். படங்கள் ஜன்னலோரத்து மிஷினில் இருக்கின்றன, எடுத்துப் போக அடுத்த பஸ்ஸில் வருகிறேன், சாவியோடு இருங்கள் என்று சொல்லத் தொடங்கினார். முடிக்க விடவில்லை. "நீங்க எதுக்குத் தாயி அலையுதிய? அங்கனயே இருங்க. நான் கொண்டாரேன்" என்று மாரிசாமி போனை வைத்துவிட்டார். எதைக் கொண்டுவரப் போகிறார் என்று டீச்சருக்குப் புரியவில்லை. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதற்குள் சிறப்பு விருந்தினர் மாலையோடு வந்துவிட்டார். சிவப்புக் குறிகளைக் குனிந்து பார்த்துவிட்டு, முதலுதவி பற்றியதா, ரொம்ப அவசியமான விஷயம் என்று பாராட்டி நகர்ந்தார். சோலைராஜுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பரிசு மூன்றாவது மேஜைக்குப் போயிற்று. பிச்சையம்மாள் மட்டும் நகரவில்லை. இம்புட்டு நேரம் ஆச்சு, இன்னும் செத்த நேரம் நின்னா என்ன என்று மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. பின்னால் ஒரு யூரியாச் சாக்கு, கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. மாரிசாமி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பேண்டேஜ் துணி. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. ரோட்டில் குலுங்கக் கூடாதே என்று பக்கத்து பேண்டேஜ் கம்பெனியில் கழிவுத் துணியை வாங்கி வந்து சுற்றியிருக்கிறார். கடைசியில் ஜன்னலோரத்துக் கம்ப்யூட்டரின் பெட்டி, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆள் போல வெளியே வந்தது.

"மிஷினுக்குள்ள இருக்குன்னிய. எனக்கு உள்ள பிரிச்சு எடுக்கத் தெரியாது. மொத்தமாக் கொண்டாந்துட்டேன்" என்றார்.

மூட்டை கட்டுவதில் அவருக்கு இணை இல்லை. ஆனால் அதற்குள் உயிர் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? மண்டபத்துத் திரையோடு சேர்த்து ஒயர்களை மாட்டினார்கள். டீச்சர் பெட்டியின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினார். அன்னத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரிசாமி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். என்ன சாமி என்று தெரியவில்லை, ஸ்லாஷ் என்று ஒரு சொல் மட்டும் கேட்டது. ஆண்டவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டிருப்பார். பெட்டி உறுமியது. விளக்கு எரிந்தது.

படம் மேலிருந்து கீழாக இறங்கியது. முதலில் கடையின் கூரை, பிறகு புகை, பிறகு ஒரு கொண்டை. பிச்சையம்மாள் எழுந்து நின்றார். நெற்றி வந்தது, மூக்குத்தி வந்தது, கரண்டி பிடித்த கை வந்தது. ஒருவரையும் கூப்பிடவில்லை, மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாம் அந்த மேஜைக்கு வந்துவிட்டார்கள். பரிசு வாங்கிய மேஜைக்காரனும் வந்தான்.

"முன்னாலயே சொல்லியிருந்தா வேற சேல கட்டியிருப்பேன்ல" என்று பிச்சையம்மாள் டீச்சரைக் கடிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அடுப்புப் புகைமேல் போட முடியாது. புகை படத்தில்தான் இருந்தது.

படம் எப்படி வருகிறது என்று ஒருத்தி கேட்க, வராமல் போனது எப்படி என்பதிலிருந்து டீச்சர் ஆரம்பித்தார். தம் பிழையையே பாடமாக்கி, விலாசத்தை எப்படி எழுதியிருக்க வேண்டும் என்று அங்கேயே திருத்திக் காட்டினார். மம்சாபுரத்துப் பெண்கள் மூன்று பேர், சாயங்காலம் வகுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பப் பஸ் இருக்குமா என்று வைகுண்டராஜிடமே கேட்டார்கள். அவர் கோபுரம் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டேலியக் காலைல வச்சுக்கிடலாம் டீச்சர். சாயங்காலம் ஒங்க கூப்பாடு நடக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. மாரிசாமி கயிற்றை எடுத்தார், வந்த மாதிரியே கட்டிக் கொண்டுபோய்விடுகிறேன் என்றார். டீச்சர் அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். ஒரு தரம் கர்த்தர் காத்தார், திரும்பவும் அவரைச் சோதிக்க வேண்டாம் அண்ணாச்சி என்றார். அப்படியானால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன் என்று மாரிசாமி சாக்கைத் தோளில் சுமந்து வந்து, ஜன்னலோரத்து சீட்டில் உட்கார வைத்துவிட்டு இறங்கினார்.

கண்டக்டர் வந்தார். மூட்டையை டிரைவருக்குப் பின்னால் போடுங்க, ஆளு உக்கார எடம் வேணும்ல என்றார். டீச்சர் கைப்பையைத் திறந்தார்.

"ராஜபாளையம் ரெண்டு."

கண்டக்டர் இன்னொரு ஆளைத் தேடினார். டீச்சர் டிக்கெட் இரண்டையும் வாங்கி, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றதை நாலாக மடித்து, காற்றில் பறக்காதபடி யூரியாச் சாக்கின் முடிச்சுக்குள் செருகினார்.